பனிமலை ஊருக்கு ஒரு புகையிரதப் பாதை

செர்மாட் சுவிற்சர்லாந்தின் தெற்கு மூலையில், இத்தாலி எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கும் மலையூர். 4,478 மீற்றர் உயரமான மட்டர்ஹோர்ன் சிகரம் அந்த ஊருக்கு மேலேதான் நிற்கிறது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட உலகெங்குமிருந்து மக்கள் அங்கே வருகிறார்கள். ஆனால் அந்த ஊருக்குள் பெற்றோல் வாகனம் ஓட அனுமதி இல்லை. காரில் வருவோர் சுமார் ஐந்து கிலோமீற்றர் முன்னாலுள்ள தேஷ் என்ற கிராமத்திலேயே காரை நிறுத்த வேண்டும்; பெரும்பாலானோர் அங்கிருந்து புகையிரதம் ஏறுகிறார்கள். ஆகவே செர்மாட்டுக்குப் போகும் பெரும்பாலானோர், செல்வந்தரானாலும் சமையற்காரரானாலும், கடைசித் துண்டுப் பயணத்தைப் புகையிரதத்தில்தான் முடிக்கிறார்கள்.

எங்கள் மாமா அந்த ஊர் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். டிசம்பர் மாதம் அங்கே வேலை குவியும் காலம். எங்களுக்குப் பாடசாலை விடுமுறையும் டிசம்பரில்தான். உம்மும்மா தன் மகனைக் கண்டு ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்கு வயது எழுபத்திரண்டு. இரண்டு முழங்கால்களிலும் வருத்தம். மாமாவால் விமான நிலையத்துக்கு வந்து எங்களை அழைத்துச் செல்ல முடியாது. அவர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க பயப்படாதீங்க உம்மா. பிளேனால இறங்கின இடத்திலயே கோச்சி நிக்கும். ஒரு தரம்தான் மாறணும்."

உம்மும்மா என்னைப் பார்த்தார். "என்ட காலுக்கு ஏலுமா மகள்?" என்று கேட்டார்.

நான் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிப்பவள். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தப் பாதையைப் பற்றிப் படித்தேன். படித்ததையும் பின்பு கண்ணால் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வெளிநாடு போகும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் இதில் தெரிந்துகொள்ள விடயம் இருக்கிறது.

விமான நிலையமும் புகையிரத நிலையமும்

ஜெனீவா விமான நிலையத்தின் புகையிரத நிலையம் 1987ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பயணிகள் வெளியே வரும் மண்டபத்திலிருந்து சில நிமிட நடைதான். வெளியே குளிருக்குள் போகவோ, வாடகை வண்டிக்குப் பேரம் பேசவோ தேவையில்லை. பொதிகளை ஏற்றிய தள்ளுவண்டியுடனேயே நிலையத்தை அடையலாம். மேடைக்கு இறங்க மின்தூக்கி இருக்கிறது.

இங்கே எங்களுக்கு வாய்ப்பான ஒரு விடயம் இருந்தது. பெரும்பாலான புகையிரதங்களுக்கு இந்த நிலையமே தொடக்கம். எனவே வண்டி வெறுமையாக நிற்கும். முண்டியடிக்காமல் ஏறி, பொதிகளை வைத்து, இடம் பார்த்து உட்காரலாம். உள்நாட்டுப் புகையிரதங்களில் இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. நிலையத்தில் பயணச்சீட்டைச் சோதிக்கும் கதவுகள் கிடையாது. யார் வேண்டுமானாலும் மேடைக்குப் போகலாம். ஆனால் வண்டிக்குள் பரிசோதகர் வருவார். சீட்டில்லாமல் அகப்பட்டால் தண்டப்பணம் கட்ட வேண்டும்.

சுவிற்சர்லாந்தில் எல்லாமே விலை அதிகம். புகையிரதக் கட்டணமும் அப்படித்தான். அதனால் பெற்றோர் முன்கூட்டியே கணக்குப் பார்ப்பது நல்லது. வெளிநாட்டவருக்கென்று "சுவிஸ் டிராவல் பாஸ்" என்ற அட்டை உண்டு. மூன்று நாளோ அதற்கு மேலோ எடுத்தால், அந்த நாட்களில் புகையிரதம், பஸ், ஏரிப் படகு மூன்றிலும் பயணிக்கலாம். செர்மாட் வரையும் அது செல்லும். பெற்றோருடன் போகும் 6 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு, குடும்ப அட்டை கேட்டு வாங்கினால், கட்டணம் இல்லை. எங்கள் தம்பிக்கு அப்படித்தான் சீட்டு வாங்காமல் முடிந்தது. ஒரே ஒரு பயணம் மட்டும் போவோர், குறித்த வண்டிக்கு முன்னரே வாங்கும் மலிவு விலைச் சீட்டைத் தேடலாம்.

ஏரியோரமும் நதியோரமும்

ஜெனீவாவிலிருந்து கிழக்கே போகும்போது வலது பக்கத்தில் உட்காருங்கள். ஏரி முழுவதும் அந்தப் பக்கம்தான். ஜெனீவா ஏரி ஏறத்தாழ 580 சதுர கிலோமீற்றர் பரப்பளவுடையது. ஒரு கரை சுவிற்சர்லாந்துக்கும் மறு கரையின் பெரும்பகுதி பிரான்சுக்கும் உரியது. லொசான் நகரைக் கடந்ததும் லாவோ என்ற சரிவு வரும். கல் அணைகள் கட்டிப் படிப்படியாக அமைத்த திராட்சைத் தோட்டங்கள் ஏரிவரை இறங்குகின்றன. 2007இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. நம் மலையகத் தேயிலைச் சரிவுகளைக் கண்டு வளர்ந்த கண்களுக்கு அந்தப் படிகள் அந்நியமாகத் தெரிவதில்லை. பிறகு மொன்ட்ரூ நகரம். அதைத் தாண்டியதும் நீருக்குள் இறங்கி நிற்பது போன்ற சில்லோன் கோட்டை. அதைப் படம் எடுக்க நினைப்பவர் கைத்தொலைபேசியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சில விநாடிகளில் மறைந்துவிடும்.

ஏரி முடிந்ததும் ரோன் நதியின் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ரோன் நதி ஆல்ப்ஸ் பனியாற்றில் பிறந்து, இந்தப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, ஜெனீவா ஏரிக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியேறி, பிரான்ஸ் ஊடாக மத்தியதரைக் கடலை அடைகிறது. நாங்கள் அந்த நதி வந்த வழியே எதிர்த்திசையில் போகிறோம். மார்த்தினி என்ற இடத்தில் நதி செங்கோணமாக வளைய, புகையிரதமும் வளைகிறது. சியோன் நகரில் இரண்டு குன்றுகளின் மேல் பழங்காலக் கட்டடங்கள். சியேர் வரை பிரெஞ்சு மொழி; அதற்கப்பால் ஜெர்மன். ஒரே மாகாணத்துக்குள், ஒரே வண்டிக்குள், மொழி மாறுவதைக் காதால் கேட்டேன். இரு மொழிகளும் அரச மொழிகளாக உள்ள நாட்டிலிருந்து போன எனக்கு, அங்கே அறிவிப்புகள் இரண்டு மொழிகளிலும் பிழையின்றி ஒலித்தது மனதில் பதிந்தது.

இந்தப் பாதையின் மின்சாரத்துக்கும் ஒரு கதை உண்டு. சுவிற்சர்லாந்தில் நிலக்கரி கிடையாது என்றே சொல்லலாம். முதலாம் உலகப் போரின்போது வெளியிலிருந்து நிலக்கரி வருவது குறைந்து புகையிரதங்கள் தவித்தன. அந்த அனுபவத்துக்குப் பின் அவர்கள் மலையருவிகளின் நீரை அணைகட்டித் தேக்கி, மின்சாரம் எடுத்து, பாதைகளை விரைவாக மின்மயமாக்கினார்கள். இன்றும் சுவிஸ் கூட்டாட்சிப் புகையிரதங்களை ஓட்டும் மின்சாரத்தின் மிகப் பெரும் பங்கு நீர்மின்சாரம்தான். சியோனுக்கு மேலே மலைக்குள் இருக்கும் கிராண்ட் டிக்சான்ஸ் அணை 285 மீற்றர் உயரமானது. கொங்கிரீட்டின் எடையாலேயே நீரைத் தாங்கி நிற்கும் அணைகளில் உலகிலேயே உயரமானது அதுவே.

பத்து நிமிடத்தின் கணக்கு

விஸ்ப் நிலையத்தில்தான் மாற வேண்டும். அங்கே எங்களுக்குக் கிடைத்த நேரம் சுமார் பத்து நிமிடம். கொழும்பில் இருந்தபோது உம்மா அதைக் கேட்டுப் பயந்துவிட்டார். "பத்து நிமிஷத்தில உம்மும்மாவையும் ஆறு பேக்கையும் எப்படி மாத்துறது?"

அந்தப் பத்து நிமிடம் தற்செயலானதல்ல. 1982 முதல் சுவிஸ் புகையிரதங்கள் நாடு முழுவதும் ஒரே ஒழுங்கில், ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரே நிமிடத்தில் புறப்படுகின்றன. காலை 9.10க்கு ஒரு வண்டி என்றால் 10.10க்கும் 11.10க்கும் உண்டு. 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் அனுமதித்த பெருந்திட்டத்தின்படி 2004இல் இது மேலும் சீராக்கப்பட்டது. திட்டத்தின் உட்பொருள் எளிமையானது. முக்கிய சந்தி நிலையங்களில் எல்லாத் திசை வண்டிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். பயணிகள் மாறியதும் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும். அதற்கு இரு சந்திகளுக்கு இடையிலான ஓட்டம் ஒரு மணித்தியாலத்துக்கோ அரை மணித்தியாலத்துக்கோ சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பேர்னுக்கும் சூரிச்சுக்கும் இடையே புதிய பாதை போட்டு அந்த ஓட்டத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தது இதற்காகவே. 2007இல் 34.6 கிலோமீற்றர் நீளமான லொட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் திறந்தபோது, பேர்ன் பக்கமிருந்து வருவோருக்கும் விஸ்ப் ஒரு சந்தியாகியது. அங்கே வண்டிகள் ஒன்றுக்காக ஒன்று நேரம் ஒதுக்கி நிற்கின்றன.

நிலையக் கடிகாரங்களிலும் இதே மனப்பான்மையைக் காணலாம். 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியியலாளர் வடிவமைத்த கடிகாரம் அது. சிவப்பு விநாடி முள் ஏறத்தாழ 58.5 விநாடியில் ஒரு சுற்றை முடித்துவிட்டு உச்சியில் நின்றுகொள்ளும். மத்திய கடிகாரத்திலிருந்து சமிக்ஞை வந்ததும் நிமிட முள் நகர, சிவப்பு முள்ளும் மீண்டும் ஓடத் தொடங்கும். இப்படி நாட்டின் எல்லா நிலையங்களும் ஒரே கணத்தில் அடுத்த நிமிடத்துக்குப் போகின்றன.

விஸ்பில் நாங்கள் இறங்கியபோது உம்மும்மா முதலில் கைத்தடியை ஊன்றினார். பிறகு காலை வைத்தார். வண்டியின் தளமும் மேடையும் ஏறக்குறைய ஒரே மட்டம். பொதிகளை வாப்பாவும் தம்பியும் எடுத்தார்கள். மெதுவாக நடந்து செர்மாட் வண்டியை அடைந்தபோதும் நேரம் மீதம் இருந்தது. ஒருவேளை தவறவிட்டிருந்தாலும் அடுத்த வண்டி அதே ஒழுங்கில் வந்திருக்கும். முதியவர்களோடு போகிறவர்களுக்கு இந்த ஒரு உறுதி போதும். ஓடவேண்டிய தேவை இல்லை.

பல் வைத்த தண்டவாளம்

விஸ்பிலிருந்து செர்மாட் 35 கிலோமீற்றர். இந்தப் பாதை 1891இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் ஒரு மீற்றர் மட்டுமே. நம் நாட்டின் அகலப் பாதையோ 1.676 மீற்றர். அந்த 35 கிலோமீற்றருக்குள் வண்டி 900 மீற்றருக்கு மேல் ஏறுகிறது.

உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் சமதரையில் குறைந்த சக்தியில் பெரும் பாரத்தை இழுக்க முடிகிறது. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் அந்த நன்மையே தீமையாகிவிடும், சில்லு வழுக்கும். நம் மலையகப் பாதையில் மிகக் கடுமையான ஏற்றம் ஏறத்தாழ 44 அடிக்கு ஓர் அடி. அதைத் தாண்டாமல் இருக்கவே பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. தெமோதரையில் தன்னையே சுற்றி வளைகிறது. செர்மாட் போகும் பள்ளத்தாக்கோ மிக ஒடுக்கமானது. ஒரு பக்கம் நதி, இரு பக்கமும் பாறை. அங்கே சில இடங்களில் எட்டு மீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற ஏற்றம் வருகிறது.

அதற்கு அவர்கள் கண்ட வழி பற்தண்டவாளம். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். வண்டியின் அடியிலுள்ள பற்சில்லு அதில் கௌவி ஏறுகிறது. ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியியலாளரின் முறை இது. அவர் இரண்டு பட்டைகளை அருகருகே வைத்தார். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு அமைத்தார். ஆகவே எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும். பாதை முழுவதும் பற்கள் இல்லை. செங்குத்தான இடங்களில் மட்டும்தான். அந்த இடம் வரும்போது வேகம் குறையும். காலடியில் ஒரு முனகல் ஒலி எழும். நான் ஜன்னலோரம் சாய்ந்து, "இப்ப பல் கொளுவிட்டுது உம்மும்மா" என்றேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

இந்தப் பாதை முதலில் கோடைகாலத்தில் மட்டுமே ஓடியது. பனிச்சரிவுக்கு அஞ்சிக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். பாதையின் மேல் கூரைகளும் தடுப்புகளும் கட்டிய பின்னர், 1930களில்தான் செர்மாட்டுக்கு ஆண்டு முழுவதும் வண்டி போகத் தொடங்கியது. செர்மாட் பெரிய குளிர்கால விளையாட்டு ஊராக வளர அதுவும் முக்கிய காரணம். சாளரத்தால் பார்த்தால் அந்தக் கூரைகள் தெரியும். மேலிருந்து சரியும் பனி கூரையின் மீதேறித் தாண்டி நதிப்பக்கம் விழும்.

ஆனால் மலையை முழுவதும் அடக்கிவிட்டோம் என்று அங்கே எவரும் சொல்வதில்லை. ராண்டா என்ற கிராமத்தருகே, 1991ஆம் ஆண்டு வசந்த காலத்தில், மலைச்சுவர் இரு தடவை இடிந்து விழுந்தது. மொத்தம் சுமார் 30 மில்லியன் கனமீற்றர் பாறை. நதி அடைபட்டது; புகையிரதப் பாதை புதைந்தது. உயிரிழப்பு ஏற்படவில்லை. பாதையை வேறு வழியாகத் திருப்பிப் போட்டார்கள். அந்தப் பாறைக்குவியல் இன்றும் அங்கே கிடக்கிறது. 2018 ஜனவரியில் கடும் பனியால் பாதைகள் மூடப்பட்டபோது ஏறத்தாழ 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டில் அகப்பட்டுக்கொண்டார்கள். எனவே குளிர்காலத்தில் போகிறவர்கள் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஜெனீவாவிலேயே கழிப்பது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஊரும் உயரமும்

செர்மாட் நிலையத்தில் மாமா வேலை உடையோடு நின்றார். அரை மணித்தியாலம் அனுமதி கேட்டு வந்திருந்தார். உம்மும்மா அவருடைய கன்னத்தை இரு கைகளாலும் பிடித்து, "மெலிஞ்சி போயிட்டீங்க மகன்" என்றார். அதற்கு மேல் அங்கே யாரும் பேசவில்லை. ஜெனீவாவில் வண்டி ஏறியதிலிருந்து ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் ஆகியிருந்தது.

நிலையத்துக்கு வெளியே சிறிய மின்வண்டிகள் நிற்கும். பொதிகளை அவற்றில் ஏற்றி அனுப்பலாம். புகை இல்லை, ஹோர்ன் சத்தமும் இல்லை. பாதையில் உறைந்த பனி வழுக்கும். அடிப்பகுதி சொரசொரப்பான சப்பாத்து அவசியம். தடித்த ஒரே உடுப்பைவிட மெல்லிய உடுப்புகளை அடுக்கி அணிவது சிறந்தது. தலையை மூடும் துணிக்கு மேல் கம்பளித் தொப்பி போட்டுக்கொள்ளலாம். வெள்ளைப் பனியில் வெயில் தெறிக்கும். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. உணவு விலையை நினைத்து உம்மா கொண்டுவந்த ரொட்டியும் சம்பலும் வழியில் எங்களுக்குப் போதுமாக இருந்தன.

செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் என்ற மலைமுகட்டுக்கு இன்னொரு பற்சில்லுப் புகையிரதம் போகிறது. 1898இல் திறந்த நாளிலிருந்தே மின்சாரத்தில் ஓடும் வண்டி அது. 3,089 மீற்றர் உயரத்துக்கு சுமார் 33 நிமிடத்தில் ஏற்றிவிடும். நம் பீதுருதாலகால மலையைவிட அது 500 மீற்றருக்கு மேல் உயரம். இருதய வருத்தம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பிறகே ஏற வேண்டும். உம்மும்மா ஏறவில்லை, மாமாவின் ஓய்வு நேரத்தில் அவரோடு ஊருக்குள் இருந்துகொண்டார். நாங்கள் போனோம்.

மேலே நின்றால் பனியாறுகள் தெரியும். கீழே ஓடும் ரோன் நதிக்கும், அணைகளுக்கும், நாங்கள் வந்த புகையிரதத்தின் மின்சாரத்துக்கும் மலையிலிருந்து உருகி வரும் இந்த நீரும் ஒரு மூலம். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கனவளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்தன. பல சறுக்கு ஊர்களில் இப்போது இயந்திரத்தால் பனி செய்து சரிவுகளில் பரப்புகிறார்கள். பனி குறைந்தால் அந்த ஊருக்கு வருமானம் குறையும். மாமாவைப் போன்று அங்கே உழைத்து நம் நாட்டு வீடுகளுக்குப் பணம் அனுப்புகிறவர்களின் அடுப்பும் அதனோடு சேர்ந்ததுதான். விமானத்தில் போய் அந்தப் பனியைப் பார்த்த நாங்களும் அந்தக் கணக்கில் இருக்கிறோம். ஆகவேதான் தரையில் செல்லும் தூரத்தையாவது புகையிரதத்தில் செல்வது வெறும் வசதிக்கான தெரிவு மட்டுமல்ல.

செர்மாட்டில் இன்னொன்றையும் அறிந்தேன். மட்டர்ஹோர்ன் உச்சியை மனிதர் முதன்முதலாக அடைந்தது 1865இல். ஏழு பேர் ஏறினார்கள். இறங்கும்போது நால்வர் விழுந்து இறந்தார்கள். ஆறே ஆண்டுகளில், 1871இல், லூசி வோக்கர் என்ற ஆங்கிலப் பெண் நீண்ட பாவாடையுடன் அந்த உச்சியில் நின்றார். அவர் வந்தபோது அங்கே புகையிரதம் இல்லை.

நம் கல்லூரிச் சகோதரிகளில் பலர் பொறியியல் படிக்க விரும்புகிறார்கள். பாலம், சுரங்கம் என்று பெரியவற்றை நினைக்கும்போது, மேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசத்தையும் நினையுங்கள். நம் நிலையங்களில் ஒரு முதியவரோ, சக்கர நாற்காலியில் இருப்பவரோ, கைக்குழந்தையுடன் ஒரு தாயோ தனியே வண்டி ஏற முடியுமா என்று ஒருநாள் நின்று பாருங்கள். அதைச் சரிசெய்ய ஆல்ப்ஸ் மலை தேவையில்லை. கொஞ்சம் கொங்கிரீட்டும், ஒழுங்கான நேர அட்டவணையும், அதைக் காப்பாற்றும் மனமும் போதும்.